செயின்ட் ஜான்ஸுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? அவலான் கரையைப் பழகிக்கொள்ள ஒரு வழி

கனடா என்றதும் நம்மில் பலருக்கு டொராண்டோதான் நினைவுக்கு வரும். அங்கிருந்து கிழக்கே சுமார் மூன்று மணி நேரம் பறந்தால் நியூஃபவுண்ட்லாந்துத் தீவு. அதன் தென்கிழக்கு மூலையில், கிழிந்த வாழையிலை போலக் கடல் உள்ளே புகுந்து புகுந்து கிடக்கும் நிலம்தான் அவலான் தீபகற்பம். மாகாணத் தலைநகர் செயின்ட் ஜான்ஸ் அங்கேதான் இருக்கிறது.

படிக்கவோ வேலைக்கோ இங்கே வந்து இறங்குகிறவர்கள் முதல் வாரமே பட்டியல் போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். பனிப்பாறை, பஃபின், திமிங்கலம், கலங்கரை விளக்கம். நானும் அப்படித்தான் கிளம்பினேன். வாடகைக் காருக்குப் பணம் கட்டி, இரண்டு நாள் விடுப்பு எடுத்து, நான் பார்த்ததெல்லாம் வெள்ளை வெளேரென்ற மூட்டம் மட்டும்தான். அந்த அனுபவத்தில் இந்த வரிசையைச் சொல்கிறேன். முதலில் ஊரைப் பழகுங்கள், பிறகு பருவத்தைப் பாருங்கள், தொலைதூரப் பயணம் கடைசியில்.

1. கடிகாரமும் பெயரும்

போன் தானாகவே நேரத்தை மாற்றிக்கொள்ளும், ஆனால் உங்கள் மனம் மாற நாளாகும். இந்தத் தீவுக்குத் தனி நேரம் உண்டு, டொராண்டோவைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். அந்த அரை மணி நேரம் கனடாவின் மற்ற ஊர்க்காரர்களுக்கு வேடிக்கை, நமக்கோ வசதி. இந்தியா, இலங்கை நேரமும் அரை மணியில் நிற்பதால் கணக்கு முழு மணியாகிவிடுகிறது. குளிர்காலத்தில் சரியாக 9 மணி நேர வித்தியாசம், கோடையில் 8. இங்கே இரவு எட்டு மணி என்றால் குளிர்காலத்தில் ஊரில் விடியற்காலை ஐந்து. அம்மா எழுந்துவிட்டார்களா என்று விரல்விட்டு எண்ண வேண்டியதில்லை.

அடுத்தது பெயர். 'நியூ-ஃபவுண்ட்-லேண்ட்' என்று பிரித்துச் சொன்னால் புது ஆள் என்று உடனே தெரிந்துவிடும். 'அண்டர்ஸ்டாண்ட்' என்ற சொல்லில் எங்கே அழுத்தம் விழுகிறதோ அதே போலக் கடைசியில் அழுத்தி 'நியூஃபன்லாண்ட்' என்று சொல்லுங்கள். 'நியூஃபி' என்ற சுருக்கப் பெயரை அவர்களே தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள், நீங்கள் சொல்ல வேண்டாம். பல ஆண்டுகள் அது கேலிச் சொல்லாக இருந்தது, இன்னும் சிலருக்கு வலிக்கும்.

இந்த உணர்வுக்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. நியூஃபவுண்ட்லாந்து கனடாவோடு இணைந்தது 1949 மார்ச் 31 அன்று. அதற்கு முந்தைய ஆண்டு நடந்த பொதுவாக்கெடுப்பில் இணைப்புக்கு ஆதரவாக விழுந்த வாக்கு ஏறத்தாழ 52 சதவீதம்தான். இணைப்புக்காக ஊர் ஊராகப் பேசிய ஜோயி ஸ்மால்வுட் முதல் முதலமைச்சரானார். இன்றும் சில வீடுகளில் அவர் தந்தை மாதிரி, பக்கத்து வீட்டில் நாட்டை விற்றவர். முதியவர்களோடு பேசும்போது இதில் பக்கம் சேராமல் காது மட்டும் கொடுங்கள், நல்ல கதைகள் கிடைக்கும்.

2. பேச்சைக் காதில் வாங்குங்கள்

முதல் மாதம் ஆங்கிலமே புரியாதது போல இருக்கும். பயப்பட வேண்டாம், டொராண்டோவில் பிறந்தவர்களுக்கும் அப்படித்தான். தென்கிழக்கு அயர்லாந்திலிருந்தும் தென்மேற்கு இங்கிலாந்திலிருந்தும் மீன்பிடிக்க வந்து தங்கியவர்களின் பேச்சு, கடல் சூழ்ந்த குட்டி ஊர்களில் தனியாக வளர்ந்தது. 'வாடியாட்?' என்று கேட்டால் 'என்ன பண்ணிக்கிட்டு இருக்கே?' என்று பொருள். 'வேர் யூ டு?' என்றால் எங்கே இருக்கிறாய். 'யெஸ், பை' என்பது ஆமாம், அப்படியா, சும்மா போ என எல்லாவற்றுக்கும் பொருந்தும். தொனியை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கடையில் சில்லறை கொடுக்கும் பெண்மணி உங்களை 'மை லவ்' என்றும் 'மை டக்கி' என்றும் கூப்பிடுவார். வெட்கப்படாதீர்கள். நம் ஊர்ச் சந்தையில் கீரைக்காரப் பாட்டி 'என்ன கண்ணு வேணும்' என்று கேட்பது போலத்தான் இதுவும்.

ஒரு எச்சரிக்கை. பழைய ஆட்கள் 'டின்னருக்கு வா' என்று அழைத்தால் அது மதியச் சாப்பாடு. இரவுச் சாப்பாட்டுக்கு 'சப்பர்' என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்குப் பூங்கொத்தோடு போய் நின்றவனின் அறிவுரை இது.

3. காற்று, காலணி, கார்

தெற்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டமும் வடக்கிலிருந்து இறங்கும் லாப்ரடார் குளிர் நீரோட்டமும் இந்தக் கடலில் சந்திக்கின்றன. மூட்டம் அதனால்தான், முன்பு மீன் கொழித்ததிலும் அதற்குப் பங்குண்டு. குடை வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள், ஒரே காற்றில் கம்பி மட்டும் கையில் மிஞ்சும். தொப்பியோடு கூடிய நல்ல மழைக்கோட்டு, பிடிமானமுள்ள காலணி, ஜூலையிலும் பையில் ஒரு ஸ்வெட்டர். இது போதும்.

குளிர்காலத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 2020 ஜனவரி 17 அன்று செயின்ட் ஜான்ஸில் ஒரே நாளில் 76.2 சென்டிமீட்டர் பனி பெய்தது. கதவைத் திறந்தால் எதிரே வெள்ளைச் சுவர். நகரம் எட்டு நாள் அவசர நிலையில் கிடந்தது. வீட்டில் எப்போதும் ஒரு வாரத்துக்கான அரிசி பருப்பு இருக்கட்டும்.

ஊருக்குள் மெட்ரோபஸ் போதும். கரையோர ஊர்களுக்குக் கார் இல்லாமல் வழியில்லை. கோடையில் வாடகைக் கார்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் பல வாரங்கள் முன்பே சொல்லிவையுங்கள். இருட்டிய பிறகு நெடுஞ்சாலையில் ஓட்டாதீர்கள். இந்தத் தீவில் முன்பு மூஸ் மான் கிடையாது, 1904இல் நான்கைக் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது ஒரு லட்சத்துக்கும் மேல். நெட்டைக் கால்களும் குதிரையைவிடப் பெரிய உடலுமாக நடுச்சாலையில் நிற்கும். கார் மோதினால் கால்கள் மடிந்து, உடல் முன்கண்ணாடி வழியாக உள்ளே வரும்.

4. முதல் நல்ல வெயில் நாள்: ஊருக்குள்

வெயில் அடித்தால் வீட்டு வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு சிக்னல் ஹில்லுக்கு ஏறுங்கள். துறைமுகத்தின் குறுகிய வாயிலுக்கு மேலே நிற்கும் குன்று அது. 1901 டிசம்பர் 12 அன்று மார்க்கோனி இங்கே பட்டத்தில் கம்பியைக் கட்டிப் பறக்கவிட்டு, இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து கம்பியில்லாமல் வந்த மூன்று புள்ளிகளைக் கேட்டார். மோர்ஸ் குறியீட்டில் 'எஸ்' என்ற எழுத்து. காபட் கோபுரத்தைப் பார்த்துவிட்டு, பாறையை ஒட்டிக் கீழே இறங்கும் நார்த் ஹெட் பாதையில் பேட்டரி குடியிருப்புக்கு வாருங்கள். ஓரிடத்தில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். தலைசுற்றல் உள்ளவர்கள் வந்த வழியே திரும்புவது நல்லது.

நகர மையத்தில் மஞ்சள், சிவப்பு, ஊதா என வரிசையாக நிற்கும் மரவீடுகளுக்கு 'ஜெல்லிபீன் ரோ' என்று பெயர். மூட்டத்தில் வீட்டை அடையாளம் காண மாலுமிகள் நிறம் பூசினார்கள் என்று கதை சொல்வார்கள். அழகான கதைதான். ஆனால் பாழடைந்துகொண்டிருந்த பகுதியை மீட்க 1970களின் இறுதியில் எடுத்த முயற்சியில் வந்த நிறங்கள் இவை. துறைமுகத்தருகே டெர்ரி ஃபாக்ஸ் சிலை இருக்கிறது. புற்றுநோயில் ஒரு காலை இழந்த அந்த இளைஞர் 1980 ஏப்ரல் 12 அன்று செயற்கைக் காலை இந்தத் துறைமுகத் தண்ணீரில் நனைத்துவிட்டுத்தான் கனடாவின் குறுக்கே ஓடத் தொடங்கினார்.

மூட்ட நாளுக்கென்று 'தி ரூம்ஸ்' அருங்காட்சியகத்தை ஒதுக்கிவையுங்கள். மீனைச் சுத்தம் செய்து உப்பிட்ட கரையோரக் கொட்டகைகளை 'ஃபிஷிங் ரூம்ஸ்' என்பார்கள், அந்தப் பெயரும் வடிவமும்தான் இந்தக் கட்டடத்துக்கு. அங்கே ஷனாடிதிட் என்ற பெண்ணைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் வெளியே வராதீர்கள். ஐரோப்பியர் வருமுன் தீவில் வாழ்ந்த பியோதக் மக்களில் கடைசியாக அறியப்பட்டவர் அவர். குடியேறிகள் கரைகளைப் பிடித்துக்கொள்ள, பியோதக் மக்கள் மீனும் கடற்பறவையும் கிடைக்காத உள்நாட்டுக்குத் தள்ளப்பட்டார்கள். பட்டினி, காசநோய், துப்பாக்கி. ஷனாடிதிட் 1829இல் இதே ஊரில் காசநோயால் இறந்தார். இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, தம் மக்கள் எங்கே முகாமிட்டார்கள், யார் எங்கே கொல்லப்பட்டார்கள் என்பதைத் தாளில் வரைந்து கொடுத்தார். பியோதக் தரப்பிலிருந்து அந்த வரலாற்றைச் சொல்லும் சாட்சி அந்தச் சில தாள்கள்தான். என்னால் அவற்றின் முன் வேகமாக நகர முடியவில்லை.

கேப் ஸ்பியர் நகரிலிருந்து காரில் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. கிரீன்லாந்தை விட்டுவிட்டால் வட அமெரிக்காவின் கிழக்குக் கோடி அதுதான். 1836இல் கட்டிய கலங்கரை விளக்கம் இன்னும் நிற்கிறது. சூரிய உதயத்துக்குப் போங்கள், ஆனால் எச்சரிக்கைப் பலகையைத் தாண்டிப் பாறையில் இறங்காதீர்கள். அமைதியாகத் தெரியும் கடல் ஒரே அலையில் ஆளை இழுத்துக்கொள்ளும்.

5. எந்த மாதத்தில் எதைத் தேடுவது

பனிப்பாறைகள் ஏப்ரல் முதல் ஜூன் வரை. கிரீன்லாந்தின் பனியாறுகளிலிருந்து உடைந்து மிதந்து வருபவை, சில ஆண்டுகள் வரிசையாக வரும், சில ஆண்டுகள் ஏமாற்றும். அன்று எது எங்கே நிற்கிறது என்று காட்டும் 'ஐஸ்பெர்க் ஃபைண்டர்' தளத்தைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். படகில் போனால் மிக அருகே போகச் சொல்லிப் படகோட்டியை வற்புறுத்த வேண்டாம். பத்தில் ஒன்பது பங்கு நீருக்கடியில் இருக்கிறது, சொல்லாமல் புரளும்.

பஃபின் பறவைகள் மே முதல் செப்டம்பர் தொடக்கம் வரை. செயின்ட் ஜான்ஸுக்குத் தெற்கே அரை மணி தூரத்தில் உள்ள விட்லெஸ் பே தீவுகளில் 2,60,000 ஜோடிகளுக்கு மேல் கூடு கட்டுகின்றன. வட அமெரிக்காவிலேயே மிகப்பெரிய பஃபின் கூட்டம். பே புல்ஸ் ஊரிலிருந்து படகு கிளம்பும். வயிற்றைக் கலக்கும் ஆளாக இருந்தால் மாத்திரையைக் கரையிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் சிறந்தது காசு செலவில்லாத கேப்லின் காலம். ஜூன் கடைசி, ஜூலை வாக்கில், நம்ம ஊர் மத்தியின் மெலிந்த தம்பி போன்ற இந்த மீன் முட்டையிடக் கூழாங்கல் கரைக்கே வந்து புரளும். கரை முழுக்க வெள்ளி. மிடில் கோவ் கரையில் குழந்தை குட்டிகளோடு வாளியும் கைவலையுமாக ஊரே கூடிவிடும், விறகு மூட்டி உட்கார்ந்திருக்கும். கேப்லினைத் துரத்திக்கொண்டு கூன்முதுகுத் திமிங்கலங்கள் கரையருகே வரும், படகுச் சீட்டே தேவையில்லை. அப்போது பெய்யும் தூறலுக்கும் குளிருக்கும்கூட 'கேப்லின் வெதர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு வாளி கொண்டுவந்து, மிளகாய்த்தூளும் மஞ்சளும் உப்பும் தடவி வறுத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு தட்டு கொடுங்கள். அடுத்த வாரம் உங்கள் வாசலில் ஒரு பாட்டில் பார்ட்ரிட்ஜ்பெரி ஜாம் இருக்கும்.

6. சாப்பாடும் மீனும்

இங்கே 'ஃபிஷ்' என்றால் காட் மீன் மட்டும்தான். சால்மன் இருந்தால் சால்மன் என்று சொல்வார்கள். காட் இல்லாமல் இந்த ஊரே இல்லை. ஏறத்தாழ 500 ஆண்டுகள் அதைப் பிடித்து, பிளந்து, உப்பிட்டு, மரப்பரண்களில் காயவைத்து உலகமெங்கும் அனுப்பினார்கள். கருவாடுதான், வேறென்ன! உப்புக் காட் கரீபியத் தீவுகளுக்குப் போனது, அங்கிருந்து ரம் வந்தது. பெரிய இழுவைக் கப்பல்கள் வாரியெடுத்ததில் மீன் அற்றுப்போக, 1992 ஜூலை 2 அன்று அரசு மீன்பிடிக்குத் தடை போட்டது. சுமார் 30,000 பேருக்கு ஒரே நாளில் வேலை போனது. 2024இல்தான் வடபகுதிக் காட் வணிகமுறையில் பிடிக்க மீண்டும் கதவு கொஞ்சம் திறந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய எவரிடமும் 'ஏன் ஊரைவிட்டுப் போனீர்கள்' என்று கேட்டால் பதில் பெரும்பாலும் அந்த 1992இல் வந்து நிற்கும்.

வீட்டுச் சமையலுக்குப் பிடிக்கலாம். கோடையில் அறிவிக்கும் நாட்களில் உரிமம் இல்லாமலே ஆளுக்கு நாளொன்றுக்கு 5 காட் வரை அனுமதி. தேதிகளை மீன்வளத் துறை ஒவ்வோர் ஆண்டும் சொல்லும், பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டுப் பார்க்க: ஊறவைத்த கெட்டி ரொட்டியும் மீனும் சேர்ந்த 'ஃபிஷ் அண்ட் ப்ரூயிஸ்', மேலே பன்றிக்கொழுப்பு வறுவல் தூவியிருப்பார்கள், வேண்டாதவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள். ஞாயிறு மதியம் 'ஜிக்ஸ் டின்னர்': உப்பிட்ட மாட்டிறைச்சி, முட்டைக்கோஸ், டர்னிப், துணிப்பையில் வேகும் பட்டாணிக் கூழ். சைவர்களுக்கு 'டூட்டன்', அதாவது பொரித்த ரொட்டிமாவின் மேல் மொலாசஸ் பாகு. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதை வெல்லப்பாகு தோசை என்றே சொல்கிறார்கள். ஆனால் சில கடைகளில் டூட்டனையும் பன்றிக்கொழுப்பில்தான் பொரிப்பார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

'ஸ்கிரீச் இன்' சடங்குக்கு உங்களை இழுப்பார்கள். ரம் குடித்து, ஒரு வாசகம் சொல்லி, காட் மீனின் வாயில் முத்தம் கொடுத்தால் நீங்களும் அந்த ஊர்க்காரர். சுற்றுலாப் பயணிகளுக்கான கூத்து என்று முகம் சுளிக்கும் உள்ளூர்க்காரர்களும் உண்டு. மதுவும் மீனும் ஆகாதவர்கள் சிரித்துக்கொண்டே மறுக்கலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

7. நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டிய மூன்று

ஜூலை 1 மற்ற மாகாணங்களில் கனடா தினம். இங்கே காலையில் கொடியும் பலூனுமாகக் கிளம்பிவிடாதீர்கள். முதல் உலகப் போரின்போது, 1916இல் அதே நாளில் பிரான்சின் போமான் ஹாமெலில் நியூஃபவுண்ட்லாந்துப் படைப்பிரிவின் சுமார் 800 பேர் அகழியிலிருந்து ஏறிப் போனார்கள். மறுநாள் பெயர் அழைத்தபோது குரல் கொடுத்தவர்கள் 68 பேர். அதனால் காலை துக்கத்துக்கு, கொண்டாட்டம் மதியத்துக்குப் பிறகு. சட்டையில் நீல நிற 'ஃபர்கெட் மீ நாட்' பூ குத்தியிருப்பார்கள். மெமோரியல் பல்கலைக்கழகத்தின் பெயரிலுள்ள நினைவும் அந்தப் போரில் இறந்தவர்களுக்கானதுதான். அங்கே படிக்கிற நம் பிள்ளைகளில் பலருக்கு இது தெரியாது.

ஆகஸ்ட் முதல் புதன்கிழமை ரெகாட்டா, அதாவது கிடி விடி ஏரியில் படகுப் போட்டி. அன்று நகருக்கு விடுமுறை, ஆனால் காற்று அடங்கியிருந்தால்தான். காலையில் குழு கூடி முடிவு சொல்லும், அதன்பிறகே உங்களுக்கு வேலை உண்டா இல்லையா என்று தெரியும். முந்தின இரவு விருந்துக்குப் போய் விடுமுறையை நம்பித் தூங்கியவர்கள் படும் பாடு ஊர் நகைச்சுவை.

கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய நாட்களில் தலையணை உறையை முகத்தில் மாட்டி, ஆண் பெண் உடையும் பெண் ஆண் உடையும் போட்டுக்கொண்டு யாராவது கதவைத் தட்டினால் போலீஸைக் கூப்பிட வேண்டாம், மம்மர்ஸ் வந்திருக்கிறார்கள். குரலை மாற்றிப் பேசுவார்கள், யார் என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும், பிறகு கேக்கும் பானமும் கொடுக்க வேண்டும். 1861இல் அரசு தடைகூடப் போட்டது, வழக்கம் அடங்கவில்லை.

8. கடைசியில் தெற்குக் கரைப் பயணம்

இத்தனையும் பழகியபின் ஒரு நீண்ட கோடை நாளில் 10ஆம் எண் சாலையில் தெற்கே இறங்குங்கள். பெட்ரோலை முன்கூட்டியே நிரப்பிக்கொள்ளுங்கள், சோறு கட்டிக்கொள்ளுங்கள்.

லா மான்ஷ் என்ற கடலோரக் குக்கிராமத்தை 1966 ஜனவரிப் புயல் அடித்துப் போனது. அடித்தளக் கற்களும், நடப்பவர்களுக்காகக் கட்டிய தொங்குபாலமும் காட்டுப்பாதையில் இருக்கின்றன. ஃபெர்ரிலாந்தில் 1621இல் ஜார்ஜ் கால்வர்ட் தொடங்கிய குடியிருப்பைத் தோண்டி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், கற்பாவிய தெருவில் நீங்களே நடக்கலாம். அதன்பிறகு மரங்கள் குட்டையாகி, அப்புறம் மரமே இல்லாத பாசிநிலம்.

போர்ச்சுகல் கோவ் சவுத் ஊரில் வண்டியை நிறுத்தினால் மிஸ்டேக்கன் பாயிண்ட்டுக்கு வழிகாட்டியோடு அழைத்துப் போவார்கள். முன்பதிவு அவசியம், தனியாகப் போக அனுமதியில்லை. பாறையில் பதிந்த சுமார் 56 கோடி ஆண்டுப் பழைய உயிர்களின் தடயங்கள், 2016 முதல் யுனெஸ்கோ மரபுச்சின்னம். செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். கோயில் வாசல் பழக்கம் நமக்குக் கைகொடுக்கும் இடம் இது. பக்கத்தில் கேப் ரேஸ். 1912இல் டைட்டானிக்கின் அபாய அழைப்பைக் கேட்ட நிலையம் இருந்த இடம்.

கடைசி நிறுத்தம் செயின்ட் ஷாட்ஸ். சுற்றுலாக் கையேடுகளில் இரண்டு வரிதான் இருக்கும். 1986 ஆகஸ்ட் 11 அன்று இந்த ஊருக்கு அப்பால் கடலில், மீன்பிடிக்கப் போன கஸ் டால்டன் என்ற கேப்டன் இரண்டு உயிர்காப்புப் படகுகளைக் கண்டார். உள்ளே 155 பேர், இலங்கைப் போரிலிருந்து தப்பிய தமிழர்கள். ஜெர்மனியிலிருந்து ஏற்றிவந்த கப்பல் அவர்களை நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. டால்டன் தம் 'அட்லாண்டிக் ரீப்பர்' படகில் இருந்த சாப்பாட்டையும் தண்ணீரையும் எடுத்துக் கொடுத்து, வானொலியில் மற்ற படகுகளைக் கூப்பிட்டார். செயின்ட் ஜான்ஸில் அவர்களுக்கு மெமோரியல் பல்கலைக்கழக விடுதியில் இடம் கொடுத்தார்கள். சில நாட்களில் ஓராண்டு தங்கி வேலை பார்க்க அனுமதி கிடைத்தது, பலர் மாண்ட்ரீயலுக்கும் டொராண்டோவுக்கும் போனார்கள். 30 ஆண்டு கழித்து, 2016இல், அவர்களில் சிலர் திரும்பி வந்து டால்டனைச் சந்தித்தார்கள்.

ஊரின் கடைசி வீட்டைத் தாண்டி நின்று கடலைப் பாருங்கள். மூஸ் பயம் இருக்கிறது, இருட்டும் முன் திரும்ப வேண்டும். நீங்கள் போகும் நாளில் எதிரே எதுவும் தெரியாமல் மூட்டமாக இருந்தால் பாதி வழியில் காரைத் திருப்பிவிடாதீர்கள். அன்றைக்கும் அங்கே மூட்டம்தான்.